'பாசிட்டிவ்' என்றார்கள், கருப்பையை எடுத்துவிட வேண்டுமா?

வாசகியின் கடிதம்:

"எனக்கு வயது 41. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். மகளுக்கு 19 வயது, மகனுக்கு 15. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, கருப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொன்னார்கள். அமிலம் தடவிப் பார்த்த செவிலியர், சீட்டில் 'வி.ஐ.ஏ. பாசிட்டிவ்' என்று எழுதித் திண்டுக்கல் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். பயந்துபோய் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு, 'குழந்தைகள்தான் இருக்கிறார்களே, கருப்பையை எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை' என்றார்கள். என் நாத்தனாரோ, சும்மா இருந்த உடம்பைச் சீண்டியதே தவறு என்றும், இது நடத்தை சரியில்லாதவர்களுக்கு வரும் நோய் என்றும் பேசுகிறார். இருபது வருடங்களுக்கு முன் எங்கள் ஊருக்கு வந்த நர்சுகள் என் அம்மாவுக்கும் இதே சோதனையைச் செய்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்களாம். நான் என்ன செய்ய வேண்டும்? என் மகளுக்கும் இந்தச் சோதனை தேவையா?"

மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு அச்சங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. புற்றுநோய் வந்துவிட்டதோ என்பது ஒன்று. பரிசோதனைக்குப் போனதே தவறோ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விளக்கம் சொல்வதற்கு முன், உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கருப்பையை அகற்றத் தேதி குறித்திருந்தால் அதை நிறுத்தி வையுங்கள். ஆனால், திண்டுக்கல்லுக்குப் போகச் சொல்லி அந்தச் செவிலியர் எழுதிக் கொடுத்த சீட்டை நிறுத்தி வைக்காதீர்கள். இந்த மாதத்துக்குள்ளேயே போய்விடுங்கள். அந்தச் சீட்டில் இருக்கும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்குப் புற்றுநோய் என்று பொருள் இல்லை. 'இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது' என்பதுதான் அதன் முழுப் பொருள்.

முறத்தில் அரிசி புடைத்துப் பழகியவர் நீங்கள். கல் என்று ஐயப்பட்டு ஓரமாகத் தள்ளியதெல்லாம் கல்லாக இருப்பதில்லை. அதில் குருணையும் இருக்கும், நிறம் மாறிய நல்ல அரிசியும் இருக்கும். தள்ளியதை விரலால் நெருடிப் பார்த்த பிறகே எது கல் என்று தெரியும். சுகாதார நிலையத்தில் நடந்தது புடைப்பது மட்டுமே. நெருடிப் பார்க்கும் வேலை இனிமேல்தான் இருக்கிறது. அதைச் செய்யாமலே முறத்தோடு தூக்கி எறியச் சொன்னதைப் போன்றது, உங்களுக்குக் கிடைத்த அந்த அறுவை சிகிச்சை ஆலோசனை.

எந்தத் தொந்தரவும் இல்லாதபோது எதற்காகப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு, இந்த நோய் உருவாகும் விதத்திலேயே பதில் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனித பாப்பிலோமா வைரஸின் சில வகைகளால் வருவது. அவற்றில் 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகள் மட்டும் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்ததற்காகவே ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மணவாழ்வில் இருக்கும் பெண்களில் மிகப் பலருக்கு இந்தத் தொற்று எப்போதாவது ஒருமுறை வந்து, பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்புச் சக்தியாலேயே போய்விடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. போகாமல் தங்கிவிடும் சிலரிடம் மட்டும் கருப்பை வாயின் மேல்தோல் செல்கள் மெல்ல மெல்ல மாறத் தொடங்குகின்றன. அந்த மாற்றம் முற்றிப் புற்றுநோயாக வழக்கமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட ஆகின்றன. இவ்வளவு நீண்ட அவகாசத்தைத் தருகிற புற்றுநோய்கள் அதிகம் இல்லை. நாம் தேடுவது புற்றுநோயை அல்ல, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தோல் மாற்றத்தை. அந்தக் கட்டத்தில் வலி இருக்காது, ரத்தப்போக்கு இருக்காது, வெள்ளைப்படுதல்கூட இருக்க வேண்டியதில்லை. தொந்தரவு வந்த பிறகு வருவோம் என்று காத்திருப்பவர்களுக்கு அந்த அவகாசம் வீணாகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது என்றும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கணித்திருக்கிறது.

சீட்டில் 'வி.ஐ.ஏ.' என்று சுருக்கமாக எழுதியிருக்கும், உங்களுக்குச் செய்த இந்த அமிலச் சோதனை எளிமையானது. ஸ்பெகுலம் என்ற கருவியால் பிறப்புறுப்பை விரித்து, விளக்கொளியில் கருப்பை வாயைப் பார்த்து, 3 முதல் 5 விழுக்காடு வரை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சால் ஒற்றி, ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். மாறுதல் அடைந்த செல்களில் உட்கருவும் புரதமும் மிகுதியாக இருப்பதால், அமிலம் பட்டதும் அந்த இடம் சிறிது நேரத்துக்கு வெளுத்து நிற்கும். செவிலியர் பார்த்தது அந்த வெண்மையைத்தான். ஆனால் வெளுப்பதெல்லாம் ஆபத்தான மாற்றம் அல்ல. சாதாரணக் கிருமித் தொற்றால் ஏற்பட்ட அழற்சியும் வெளுக்கும். புண் ஆறும் இடமும் வெளுக்கும். உள்தோலும் வெளித்தோலும் சந்திக்கும் எல்லையில் இயல்பாகவே நடக்கிற மாற்றமும் வெளுக்கும். விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, எல்லைக் கோட்டைத் தொட்டு நிற்கிறதா, அடர்த்தியான வெண்மையா, மங்கலா என்று பார்த்துச் சொல்வது பயிற்சி பெற்ற கண்ணின் வேலை. கண்ணுக்குக் கண் அது மாறவும் செய்யும். இந்தச் சோதனையின் முதன்மையான குறை இதுதான்.

இந்த எளிய சோதனையால் உண்மையிலேயே உயிர்கள் காக்கப்படுகின்றனவா என்பதை உலகுக்குக் காட்டியது உங்கள் மாவட்டம்தான் என்பதை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சமூக மருத்துவ மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைப் பிரிவில் இருந்தார்கள். அவர்களில் 31,343 பேர் 2000 முதல் 2003 வரை செவிலியர்களிடம் ஒரே ஒரு முறை இந்த அமிலச் சோதனையைச் செய்துகொண்டார்கள். 30,958 பேர் ஒப்பீட்டுப் பிரிவில் வழக்கமான மருத்துவ வசதியோடு இருந்தார்கள். 2006 வரை கணக்கெடுத்தபோது, பரிசோதனைப் பிரிவில் இந்தப் புற்றுநோய் வருவது 25 விழுக்காடும், இதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு சோதனையால், கிராமத்துச் செவிலியர்களின் கையால் கிடைத்த பலன் இது. உங்கள் அம்மாவுக்கு அந்த ஆண்டுகளில் சோதனை செய்த நர்சுகள் இந்த ஆய்வைச் சேர்ந்தவர்களாகவே இருக்கக்கூடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண்களுக்குப் பலன் தரக்கூடிய சோதனையைச் செய்யாமல் விட்டது சரிதானா என்ற கேள்வி பின்னாளில் மருத்துவ உலகில் கடுமையாக எழுந்தது. அன்று அந்தக் கிராமங்களில் வேறு எந்தப் பரிசோதனையும் வழக்கத்தில் இல்லை என்பது ஆய்வாளர்களின் பதில். ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இன்று உங்களுக்குச் சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிற இந்தச் சோதனைக்குப் பின்னால், அது கிடைக்காமல் போன பெண்களும் இருக்கிறார்கள்.

அதே ஆய்வில் உங்கள் நிலைமைக்கு நேரடியாகப் பொருந்தும் எண்ணிக்கையும் இருக்கிறது. சோதனை செய்துகொண்டவர்களில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, 'பாசிட்டிவ்' வந்தது. புற்றுநோயோ பரிசோதனைப் பிரிவு முழுவதிலும், சோதனைக்கு வராதவர்களையும் சேர்த்து, ஏழு ஆண்டுகளில் 167 பேருக்குத்தான் கண்டறியப்பட்டது. ஆகவே 'பாசிட்டிவ்' என்று சீட்டு வாங்கிய பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. இதை ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒன்றும் இல்லாத பலரும் வாரக்கணக்கில் தூக்கமிழந்து, கூலி வேலையை விட்டுவிட்டு அலைந்து, தேவையற்ற சதைச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் உள்ளாக நேர்கிறது என்பது இந்தச் சோதனையின் உண்மையான பாதகம். சோதனைக்கு அழைக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. சொல்லியிருந்தால் அந்தச் சீட்டைப் பார்த்து இவ்வளவு பயந்திருக்க மாட்டீர்கள்.

மறுபக்கத் தவறும் உண்டு. மாற்றம் இருந்தும் சோதனையில் தெரியாமல் போவது அது. பாப் ஸ்மியர் என்று நகரத்து மருத்துவமனைகளில் எடுக்கும் செல் சோதனையிலும் இது நிகழும்; செல்களைச் சரியாகச் சுரண்டி எடுக்கவில்லை என்றாலோ, கண்ணாடித் தகட்டில் சரியாகப் பரப்பவில்லை என்றாலோ தவறிப்போகும். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை இவற்றைவிட நம்பகமானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்த பிரிவில் இந்த நோயால் 34 பேரும், சோதனை இல்லாத பிரிவில் 64 பேரும் இறந்திருந்தார்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021 முதல், 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனையையே முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது. இதற்கான மாதிரியைப் பெண்களே தனி அறையில் பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம் என்பது, கூச்சத்தால் வராமல் இருப்பவர்களுக்குப் பெரிய விடுதலை. எச்.பி.வி. வசதி இல்லாத இடத்தில் அமிலச் சோதனை பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. அங்கே அதுவும் பயன் தரும் என்பதைத்தான் திண்டுக்கல் ஆய்வு காட்டியது.

சரி, உண்மையிலேயே மாற்றம் இருந்தால்? அதிலும் படிகள் உண்டு. சி.ஐ.என். 1 என்று அறிக்கையில் எழுதும் இலேசான மாற்றம் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும், கண்காணித்தால் போதும். சி.ஐ.என். 2 வகையில் ஏறக்குறைய பாதி, இரண்டு ஆண்டுகளுக்குள் தானே சரியாகிவிடுகிறது. சி.ஐ.என். 3தான் கவலைக்குரியது. அது எவ்வளவு கவலைக்குரியது என்பது மருத்துவ உலகுக்குத் தெரியவந்த விதம் வருத்தத்துக்குரியது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், இந்த மாற்றம் புற்றுநோயாக மாறாது என்று உறுதியாக நம்பி, 1960களின் நடுப்பகுதியிலிருந்து பல பெண்களுக்கு முறையான சிகிச்சை தராமல், அவர்களின் சம்மதமும் பெறாமல், வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார். 1987இல் இரண்டு பெண்கள் ஒரு பத்திரிகையில் இதை வெளிக்கொண்டுவந்த பிறகே விசாரணை நடந்தது. சிகிச்சை தராமல் விடப்பட்ட அந்தப் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே வந்தது.

இந்த எண்ணிக்கையை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். சி.ஐ.என். 3 என்று வந்தால் சிகிச்சை பெறாமல் இருப்பது உயிரோடு விளையாடுவது. அதே வேளையில், சிகிச்சை பெறாமல் விட்டிருந்தாலும் பத்தில் ஏழு பேருக்கு அந்த முப்பது ஆண்டுகளில் புற்றுநோய் வந்திருக்காது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிப் பிரித்துச் சொல்ல இன்றுவரை வழி இல்லாததால், எல்லோருக்குமே சிகிச்சை தருகிறோம். தேவைப்படாத சிலருக்கும் சிகிச்சை போய்ச் சேர்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிகிச்சை சிறியதாக, உடலை முடக்காததாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு நியாயமாகிறது.

திண்டுக்கல்லில் உங்களுக்குச் செய்யப்போவது கால்போஸ்கோபி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்தக் கருவி உடலுக்குள் நுழைவதில்லை. வெளியிலிருந்தே கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி அது. மறுபடியும் அமிலம் ஒற்றுவார்கள், பிறகு அயோடின் தடவுவார்கள். இயல்பான தோல் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறும், மாறுதல் அடைந்த இடம் கடுகுப்பொடியின் மஞ்சளில் தனித்து நிற்கும். ஐயமான இடம் இருந்தால் அரிசிமணி அளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். அந்த நொடியில் மாதவிடாய் வலியைப் போல அடிவயிற்றில் ஒரு பிடிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களுக்குத் திட்டுத் திட்டாக ரத்தம் படலாம். ரத்தம் நிற்க வைக்கும் மருந்தின் காரணமாகப் பழுப்பாக ஏதேனும் வெளியேறலாம். நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தமோ, காய்ச்சலோ, துர்நாற்றமோ இருந்தால் மட்டும் உடனே திரும்பப் போக வேண்டும். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போங்கள். பரிசோதனைக்குப் போவதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்குத் தாம்பத்திய உறவும், உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம்.

சிகிச்சை தேவை என்றால், பரப்பு சிறியதாகவும் முழுவதும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்கும்போது, சூடான முனையால் அந்த இடத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் சுடுவார்கள். சில இடங்களில் வாயுவால் உறையவைக்கும் முறையைக் கையாள்வார்கள். மாற்றம் உள்ளே வரை சென்றிருந்தால், மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் செதுக்கி எடுக்கும் 'லீப்' முறை. இரண்டு மூன்று வாரங்களுக்கு நீர்போல வெளியேறுவது இயல்பு. ரத்தப்போக்கும் தொற்றும் சிலருக்கு வரலாம். இனிமேல் குழந்தை பெற இருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பாதகம் உண்டு: கருப்பை வாயிலிருந்து ஆழமாகச் செதுக்கியவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது. உங்களுக்கு அது பொருந்தாது. ஒரு வருடம் கழித்து மறுபடியும் சோதனை செய்துகொள்வது கட்டாயம்.

இனி, கருப்பையை எடுத்துவிடச் சொன்ன ஆலோசனைக்கு வருகிறேன். முதலில், கருப்பை வாயின் மேல்தோலில் இருக்கும் இந்த மாற்றம் ஸ்கேனில் தெரியவே தெரியாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து இதைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. இரண்டாவது, மிக முக்கியமானது. ஒருவேளை உள்ளே புற்றுநோய் இருந்தால், அதற்கான அறுவை வேறு: கருப்பையோடு சுற்றியுள்ள திசுக்களையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும், நோய் முற்றியிருந்தால் அறுவையே இல்லாமல் கதிரியக்கமும் மருந்தும் தர வேண்டும். பயாப்சி பார்க்காமல் கருப்பையை மட்டும் சாதாரணமாக அறுத்து எடுத்துவிட்டால், புற்றுநோயின் ஊடாகவே கத்தி சென்றுவிட்டது என்றாகும்; பிறகு முறையான சிகிச்சை கடினமாகி, குணமாகும் வாய்ப்பும் குறையும். அப்படி எடுத்த பிறகு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் முன் வந்து அமர்ந்த பெண்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்திருக்கிறேன். உள்ளே புற்றுநோய் இல்லையென்றால், ஒரு நிமிடச் சிகிச்சையில் முடிந்திருக்க வேண்டியதற்குப் பெரிய அறுவையும், சிறுநீர்ப்பைக்கோ குடலுக்கோ காயம் படும் ஆபத்தும், 41 வயதிலேயே சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முந்தி வரும் நிலைமையும் மிச்சம். இப்படித் தேவையின்றிக் கருப்பையை அகற்றும் வழக்கம் பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் பரவலாக நடந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில்தான், இதைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பயாப்சி அறிக்கை இல்லாமல் யார் அறுவைக்கு அழைத்தாலும், "எந்த அறிக்கையின் அடிப்படையில்?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அறுவைக்கு அவசரப்படுவது எவ்வளவு தவறோ, சீட்டை மடித்து வைத்துவிடுவதும் அவ்வளவு தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பதை நெருங்கிய ஒரு அம்மா, மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் படுகிறது என்று வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து ரேஷன் அட்டையை எடுத்து, அதன் மடிப்புக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். மடிப்பின் ஓரங்கள் கிழிந்துபோயிருந்த அந்தச் சீட்டில், மூன்று வருடங்களுக்கு முந்தைய தேதியோடு, உங்கள் சீட்டில் இருக்கும் அதே வார்த்தைகள் இருந்தன. "கூட வர ஆள் இல்லம்மா, அப்புறம் மறந்தே போச்சு" என்றார். அந்த மூன்று வருடங்களைத் திருப்பித் தர யாராலும் முடியவில்லை. திண்டுக்கல் ஆய்விலேயே, மாற்றம் இருப்பது தெரியவந்த 1,874 பெண்களில் 72 விழுக்காட்டினர்தான் சிகிச்சை பெற்றார்கள். வீடு வீடாகத் தேடிப்போன ஓர் ஆய்வின் நிலையே அப்படி. சீட்டு எழுதிக் கொடுத்ததோடு அரசு நிலையங்களின் கடமை முடிந்துவிடவில்லை என்பதை இதைப் படிக்கும் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்; போனாரா என்று கேட்டுத் தொடரும் பொறுப்பும் நம்முடையது.

உங்கள் நாத்தனார் சொல்வதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சீண்டினால் பரவும் என்பது உண்மையல்ல. பஞ்சால் ஒற்றுவதோ, செல்களைச் சுரண்டுவதோ, சிறு சதையைக் கிள்ளுவதோ இல்லாத புற்றுநோயை உண்டாக்காது. இருக்கும் மாற்றத்தை வேகப்படுத்தவும் செய்யாது. நடத்தை பற்றிய பேச்சு இன்னும் கொடுமையானது. எச்.பி.வி. உடலுறவால் பரவுவது உண்மை. ஆனால் வாழ்நாள் முழுதும் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் அது வரும். வந்த தொற்று பல ஆண்டுகள் அடையாளமின்றித் தங்கியிருக்கும் என்பதால், எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. உங்களையோ உங்கள் கணவரையோ சந்தேகிக்க இதில் எந்த ஆதாரமும் இல்லை. மேலும், உங்களுக்குச் செய்த அமிலச் சோதனை வைரஸைத் தேடவே இல்லை. இந்தப் பழிச்சொல்லுக்குப் பயந்து எத்தனை பெண்கள் வராமலே இருந்துவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனையைச் செய்துகொண்டவர்கள் நாட்டளவில் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. தமிழ்நாட்டில்கூடப் பத்தில் ஒருவரை எட்டவில்லை. உங்கள் நாத்தனாருக்கு 30 வயது கடந்திருந்தால், கோபப்படாமல் அவரையும் ஒருநாள் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

உங்கள் மகளுக்கு இந்தச் சோதனை இப்போது வேண்டாம். 19 வயதில் வைரஸ் தொற்று இருந்தாலும் அது தானே போய்விடும் வாய்ப்பே மிகுதி. அந்த வயதில் தேடினால், தானே மறையப்போகும் மாற்றத்துக்குச் சிகிச்சை தந்து, பிற்காலப் பிரசவத்தைப் பாதிக்க நேரலாம். ஆதாயத்தைவிடத் தீங்கு கூடுதலாக இருப்பதால்தான் நம் நாட்டுத் திட்டத்திலும் 30 வயதிலிருந்தே தொடங்குகிறார்கள். மகளுக்கு இப்போது பயன்படக்கூடியது தடுப்பூசி. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிகச் சிறந்தது என்றாலும், திருமணத்துக்கு முன் 19 வயதில் போடுவதும் நல்ல பலன் தரும். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்ற இந்தியத் தடுப்பூசி 2023 முதல் கிடைக்கிறது; எத்தனை தவணை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுக்காது என்பதால், போட்டுக்கொண்டாலும் 30 வயதில் அவளும் சோதனைக்கு வர வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு அன்று ஒன்றும் இல்லை என்று சொன்னது அன்றைக்கு மட்டுமே உரியது. இப்போது அவருக்கு அறுபது கடந்திருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு, மாற்றம் தொடங்கும் எல்லைக்கோடு உள்ளே இழுத்துக்கொள்வதால், அமிலச் சோதனை அவருக்குச் சரியாக வராது. வாய்ப்பிருந்தால் எச்.பி.வி. சோதனையும், இல்லையெனில் பாப் ஸ்மியரும் ஒருமுறை செய்துகொள்ளட்டும். அவருக்கோ உங்களுக்கோ உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும், போன மாதம் எடுத்த சோதனை சரியாக இருந்தது என்று காத்திருக்க வேண்டாம். அப்போது தேவைப்படுவது மருத்துவரின் நேரடிப் பரிசோதனை.

திண்டுக்கல்லுக்குப் போகும்போது அந்தச் சீட்டையும், தனியார் மருத்துவமனையின் ஸ்கேன் அறிக்கையையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் அட்டை உதவும். துணைக்கு மகளையே அழைத்துப் போகலாம். அவளும் இதையெல்லாம் தெரிந்துகொள்ளும் வயதுதான். பயாப்சி எடுத்தால், அறிக்கை எந்தத் தேதியில், எந்த அறையில் கிடைக்கும் என்று அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். பெரிய மருத்துவமனைகளில் அறிக்கை தயாராகியும் வாங்க ஆள் வராமல் கிடப்பது வழக்கமாக இருக்கிறது. அறிக்கை கைக்கு வந்ததும், அதில் இருக்கும் வார்த்தைகளை அப்படியே படியெடுத்து எனக்கு எழுதுங்கள்.